தரை டிக்கெட்டிலிருந்து பார்த்தது

பிடித்த படம் எது என்று கேட்டால் ஆளுக்கொரு பட்டியல் சொல்வார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. எங்கே உட்கார்ந்து பார்த்தாய்? எங்க பக்கத்து டூரிங் கொட்டகையில் தரை, பெஞ்ச், சேர் என்று மூன்று டிக்கெட். காசு கொடுத்தால் யாரும் எங்கேயும் உட்காரலாம். ஆனால் உப்பளத்தில் வேலை பார்த்துவிட்டு வருகிற எங்க சனங்க மணலைக் குவித்துத் தரையில்தான் உட்காரும். தப்பித்தவறி சேரில் உட்கார்ந்தால் மறுநாள் வேலைக்குப் போன இடத்தில் விசாரணை வரும். "என்னல, நேத்து சேர்ல உக்காந்து படம் பார்த்தியாமே?" கொட்டகை இருட்டில் சாதி தெரியாது என்கிறவர்கள் உண்டு. படம் போடுகிற வரைக்கும் வெளிச்சம்தானே இருக்கும்?

அதனால் இங்கே சொல்கிற படங்களை நல்ல படம், கெட்ட படம் என்ற கணக்கில் சொல்லவில்லை. எது என்னை விட்டுப் போகவில்லை, ஏன் போகவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

தூத்துக்குடிக்காரனுக்கு முதல் படம் கப்பலோட்டிய தமிழன்தான். 1961-இல் பி.ஆர். பந்துலு எடுத்தது. 1906-இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி, 1908 கோரல் மில் வேலைநிறுத்தம், செக்கு எல்லாவற்றையும் பாடப்புத்தகத்துக்கு முன்னாலேயே சிவாஜி வழியாக நாங்கள் தெரிந்துகொண்டோம். எங்க தாத்தா பழைய துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். 1974-இல் புதுத் துறைமுகம் வருகிற வரைக்கும் பெரிய கப்பல் கரையை ஒட்டி வராது. கடலுக்குள் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். தோணியில் சரக்கைக் கொண்டுபோய்த்தான் ஏற்ற வேண்டும். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு தாத்தா கேட்டது ஒரே கேள்வி. "கப்பலு ஓடுச்சு, சரி. மூட்டைய ஏத்துனது யாருல?"

வ.உ.சி. மேல் எங்களுக்குக் குறை கிடையாது. கோரல் மில் தொழிலாளிகளின் கூலிக்காக நின்றவர் அவர். தாத்தாவின் கேள்வி கேமராவைப் பார்த்துக் கேட்டது. அது யார் பக்கம் திரும்பியது, யாரைத் தாண்டிப் போனது என்கிற கேள்வி. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்ததும் அதே 1961-இல்தான். முத்து என்றால் இந்த நகரத்துக்குப் பெருமை. மூச்சடக்கி அடியில் போனவனின் காதும் நெஞ்சும் என்ன ஆனது என்பது அந்தப் பெருமையில் சேராது. தாத்தாவின் கேள்வியை வைத்துக்கொண்டுதான் அதற்குப் பிறகு எல்லாப் படத்தையும் பார்த்தேன்.

90களில் எங்களுக்கு சினிமா வேறு மாதிரி வந்தது. மீசை, அரிவாள், பண்ணையார் வீட்டு நாற்காலி. ஒரு படத்துப் பாட்டை ஒலிபெருக்கியில் எங்க தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்துப் போடுவார்கள். பாட்டு முடிந்ததும் கல் வரும். பாட்டுக்கும் கல்லுக்கும் சம்பந்தமில்லை என்று படித்தவர்கள் எழுதினார்கள். ஒலிபெருக்கி எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று அவர்கள் வந்து பார்க்கவில்லை.

அந்தக் காலத்தில் என்னை உலுக்கியது ஒரு ஆவணப்படம். ஆர்.ஆர். சீனிவாசன் எடுத்த நதியின் மரணம், 1999. கூலி உயர்வு கேட்டும், சிறையில் கிடந்த தொழிலாளர்களை விடச் சொல்லியும் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளிகள் அந்த வருசம் ஜூலை 23-ஆம் தேதி நெல்லைக் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போனார்கள். போலீஸ் அடித்து விரட்டியது. தாமிரபரணிக்குள் ஓடினார்கள். 17 பேர் செத்தார்கள், ஒன்றரை வயசுக் குழந்தை உட்பட. ஒரு சின்ன அறையில், டி.வி. பெட்டியில், நாற்பது பேர் நின்றுகொண்டு அந்தப் படத்தைப் பார்த்தோம். பாட்டு இல்லை, நடிகர் இல்லை. தண்ணீரில் நின்ற சனங்களைத் தடியால் அடிப்பதை அதில் பார்த்தோம். பார்த்துவிட்டு வெளியே வந்த ஒரு தோழர் டீக்கடையில் தண்ணீர் டம்ளரைக் கையில் வாங்கி, குடிக்காமல் கீழே வைத்துவிட்டார். தூத்துக்குடி குடிப்பது அதே தாமிரபரணித் தண்ணீர்தான். அரசாங்கம் ஒரு கதை சொல்லும்போது அதற்கு எதிராக ஒரு கேமரா சாட்சி சொல்ல முடியும் என்று எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

இனி மாரி செல்வராஜ் படங்கள். அவர் எங்க பக்கத்துப் புளியங்குளத்துக்காரர் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை.

2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட்டுக்கு எதிராகப் போன சனங்களைச் சுட்டார்கள். 13 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு நாலு மாசம் நான் தியேட்டர் பக்கமே போகவில்லை. செப்டம்பர் கடைசியில் பரியேறும் பெருமாள் வந்தது. பா. ரஞ்சித் தயாரித்த படம். கருப்பி என்ற நாயைத் தண்டவாளத்தில் கட்டிப்போட்டுக் கொல்வதைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். எனக்கு நின்றது அப்பா வருகிற இடம். கூத்தில் பெண் வேசம் கட்டுகிற அப்பா. அவரைச் சட்டக் கல்லூரிக்குக் கூட்டி வந்த இடத்தில் வேட்டியை உருவி ஓட விடுகிறார்கள். அந்த மனுசன் ரோட்டில் ஓடுகிறார்.

எங்க தலைமுறை பள்ளிக்கூட விண்ணப்பத்தில் தகப்பன் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதியது. பறையடிக்கிறார், செருப்புத் தைக்கிறார், வேசம் கட்டி ஆடுகிறார் என்று யாரும் எழுதவில்லை. ஒளித்து வைத்த அந்த அப்பாக்களை மாரி செல்வராஜ் வெளிச்சத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். அந்த வேசத்தில் நடித்த தங்கராசு நிசமான கூத்துக் கலைஞர். 2023-இல் இறந்துபோனார். கடைசியில் இரண்டு டீ கிளாஸ் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அதைச் சமாதானம் என்று சிலர் பாராட்டினார்கள், சரணாகதி என்று சிலர் திட்டினார்கள். எனக்கு அது இரண்டுமாகத் தெரியவில்லை. இரட்டைக் கிளாஸ் வைத்திருந்த டீக்கடைகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அது ஒரு கணக்கு, இன்னும் தீராத கணக்கு. நீ மாறினால்தான் பேச்சு, அதுவரைக்கும் கிளாஸ் இரண்டும் தனித்தனிதான் என்று சொல்கிற கணக்கு.

கர்ணன் 2021 ஏப்ரலில் வந்தது. பொடியன்குளம் என்று படத்தில் பெயர். கொடியன்குளம் என்று எங்களுக்குத் தெரியும். 1995 ஆகஸ்ட் 31 அன்று சுமார் 600 போலீஸ் அந்த ஊருக்குள் புகுந்தது. வளைகுடா நாடுகளுக்குப் போய் உழைத்து நாலு காசு சேர்த்திருந்த ஊர் அது. டி.வி.யை உடைத்தார்கள், பாஸ்போர்ட்டையும் படிப்புச் சான்றிதழையும் அழித்தார்கள், கிணற்றைக் கெடுத்தார்கள். சான்றிதழை எதற்கு அழிக்கணும்? கலவரத்தை அடக்குவதற்கும் காகிதத்துக்கும் என்ன சம்பந்தம்? நிமிர்ந்தவன் திரும்பக் குனியணும், அதுதான் சம்பந்தம். படத்தில் அந்த போலீஸ் அதிகாரிக்குக் கோபம் வருகிற இடத்தைக் கவனியுங்கள். பஸ்ஸை உடைத்ததைவிட, எதிரில் நிற்கிற கிழவன் தலைப்பாகையோடு நிற்பதும், ராசாக்கள் பேரை வைத்திருப்பதும்தான் அவனைக் கொதிக்க வைக்கிறது. இதைப் புரிந்துகொண்டு எடுத்த படம் அது.

பஸ் நிற்காத ரோட்டில் ஒரு சின்னப்பிள்ளை வலிப்பு வந்து செத்துப்போவதும், பிறகு ஒரு சிறுவன் பஸ் மேல் கல்லை விடுவதும் வரும்போது எங்கம்மா பக்கத்தில் இருந்தாள். "யய்யா, நம்ம ஊர்லயும் நிக்காதுல்லா" என்றாள். வேறு விமர்சனம் எதுவும் அவள் சொல்லவில்லை. மராத்தியில் நாகராஜ் மஞ்சுளே எடுத்த ஃபன்றி (2013) படத்தில் பன்றி பிடிக்கிற வீட்டுப் பையன் கடைசியில் எறிகிற கல் நேராகக் கேமராவைப் பார்த்து, படம் பார்க்கிறவனைப் பார்த்து வரும். இரண்டு கல்லும் ஒரே கையிலிருந்து வந்ததாகத்தான் எனக்குத் தோன்றும்.

ஆனால் கர்ணன் பற்றி எனக்கு ஒரு வருத்தம் உண்டு. படத்தில் வருசம் 1997 என்று போட்டார்கள். கொடியன்குளம் நடந்தது 1995, அ.தி.மு.க. ஆட்சி. 1997-இல் ஆண்டது தி.மு.க. உதயநிதி ஸ்டாலின் இதைச் சுட்டிக்காட்ட, 90களின் பிற்பகுதி என்று மாற்றினார்கள். இரண்டு கட்சிக்காரர்களுக்கும் அது யார் ஆட்சி என்பதுதான் பிரச்சினை. எங்களுக்கு அது தேதி. செத்தவனுக்கும் அடிபட்டவனுக்கும் 'பிற்பகுதி' என்று ஒரு நாள் கிடையாது. கற்பனைக் கதை என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் எங்க சரித்திரம் பாடப்புத்தகத்தில் இல்லை, படத்தில்தான் இருக்கிறது என்கிறபோது, படத்தில் தேதி சரியாக இருக்கணும் என்று கேட்க எங்களுக்கு உரிமை உண்டு. படத்தில் கர்ணன் அதிகாரியை வெட்டுகிறான். கொடியன்குளத்துச் சனங்க விசாரணைக் கமிசன் முன்னால் சாட்சி சொல்லப் போனார்கள். அந்த நடையும் வீரம்தான். அதற்கு இன்னும் யாரும் படம் எடுக்கவில்லை.

வாழை 2024 ஆகஸ்டில் வந்தது. வாழைத்தார் சுமக்கிற சிறுவனின் கதை. தாருக்குக் கூலி கூட்டிக் கேட்கிறார்கள். கிடைக்கிறது. கொடுத்த அந்தக் காசை வேறு பக்கம் பிடிக்க, ஆட்களைத் தனி வண்டியில் அனுப்பாமல் தார் ஏற்றிய லாரி மேலேயே ஏற்றுகிறார்கள். லாரி கவிழ்கிறது. விபத்து என்று பேப்பரில் வருகிற செய்திக்குப் பின்னால் கூலிக்கணக்கு இருக்கிறது என்று இவ்வளவு லேசாக எந்தக் கூட்டத்திலும் எங்களால் விளக்க முடிந்ததில்லை. சாவு வீட்டிலும் அந்தப் பையனுக்குப் பசிக்கிறது. சோற்றைத் தேடி ஓடுகிறான். துக்கத்தில் பசி எடுப்பதை அவமானம் என்று நினைக்கிறவர்கள் பசியை அறியாதவர்கள். என் பக்கத்து சீட்டில் இருந்த ஒருவர் அந்த இடத்தில் தலையைக் குனிந்துகொண்டார், முடிகிற வரை நிமிரவில்லை.

இத்தனையும் சொன்ன பிறகும் ஒன்று பாக்கி. எங்கம்மா முப்பது வருசம் அளத்தில் உப்புச் சுமந்தவள். விடியுமுன்னே போய், வாருபலகையால் ஆண்கள் வாரிப் போடுகிற உப்பைப் பெண்கள் தலையில் தூக்கித் தட்டுமேட்டில் கொட்ட வேண்டும். வெயில் உப்பில் பட்டுக் கண்ணில் அடிக்கும். கால் வெடிக்கும், வெடிப்பில் உப்புத்தண்ணி இறங்கும். மழைக்காலம் வந்தால் வேலை கிடையாது, வட்டிக்கு வாங்கித்தான் கஞ்சி. நாட்டில் குஜராத்துக்கு அடுத்து அதிகம் உப்பு விளைவது தமிழ்நாட்டில், அதிலும் தூத்துக்குடியில்தான் அதிகம். இதை ராஜம் கிருஷ்ணன் கரிப்பு மணிகளில் எழுதினார். எங்களுக்குள்ளிருந்து ஸ்ரீதர கணேசன் 1995-இல் உப்பு வயல் எழுதினார். நாவல் வந்துவிட்டது. அளத்துப் பெண்ணை நடுவில் வைத்து எங்க மனசில் நிற்கிற மாதிரி ஒரு படம் இன்னும் வரவில்லை. நான் மேலே சொன்ன படங்களிலும் பெண்கள் அழுகிறார்கள், சுமக்கிறார்கள், சாகிறார்கள். கதை பெரும்பாலும் பையன்களோடுதான் போகிறது.

எங்கம்மாவிடம் உனக்குப் பிடித்த படம் எதும்மா என்று கேட்டேன். யோசித்துப் பார்த்தாள். "எல்லாப் படத்துலயும் சோறு பொங்குதாவ, கொழம்பு வைக்கிறாவ. உப்பு எங்கருந்து வந்துச்சுன்னு ஒருத்தனும் காட்டலையே" என்றாள். தாத்தா கேட்ட அதே கேள்விதான், தோணியிலிருந்து சமையல்கட்டுக்கு வந்திருக்கிறது. இன்றைக்கு நம்ம பிள்ளைகள் கையில் கேமரா இருக்கிறது. திரைப்படக் கல்லூரிக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அளத்துக்கு வாருங்கள். காலை நாலு மணிக்கு வந்தால்தான் வேலை நடப்பதைப் பார்க்க முடியும்.