பாதி அங்கே, பாதி இங்கே

இரண்டு ஆண்டுகளுக்கு முன் டர்பனிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா, சென்னை ராயபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, மடித்து வைத்திருந்த தாளை என்னிடம் நீட்டினார். தென்னாப்பிரிக்க ஆவணக் காப்பகத்தில் இருக்கும் கப்பல் பதிவேட்டின் ஒரு வரி அதில் இருந்தது. அவருக்குத் தமிழில் பத்துப் பதினைந்து சொற்கள்தான் தெரியும். அவற்றில் ஒன்று 'தாத்தா'. தாத்தாவின் தாத்தா கப்பல் ஏறிய இடத்தையும் அவருடைய ஊரையும் பார்க்க வேண்டும் என்றார்.

தாளைப் படித்தேன். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம். கடைசியில் உடல் அடையாளம்: இடது கணுக்காலில் தழும்பு. ஆள் மாறிவிடக் கூடாது, ஓடிப்போனால் பிடிக்க வேண்டும் என்பதற்காக எழுதப்பட்டது அது. ஆனால் அந்தக் குடும்பத்தில் அவருடைய உருவத்தைப் பற்றி மிஞ்சியிருக்கும் ஒரே செய்தியும் அதுதான்.

டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளோடு முதலில் போன கப்பல் 'ட்ரூரோ'. சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பனுக்குப் போய்ச் சேர்ந்தது. ஐந்து வருட ஒப்பந்தம், தொடக்கத்தில் மாதம் பத்து ஷில்லிங் கூலி. 1911 வரை அங்கே போன இந்தியர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அந்த அம்மா தன் முன்னோரின் எண்ணை மனப்பாடமாகச் சொன்னார்.

முதலில் கப்பல் ஏறிய இடத்தைத் தேடினோம். இப்போதிருக்கும் துறைமுகம் அன்று கிடையாது. கட்டத் தொடங்கியதே 1875இல்தான். 1860களில் கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கரையிலிருந்து மசூலா படகில்தான் போக வேண்டும். ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு அது. அலை மோதினால் வளைந்து கொடுக்கும், உடையாது. கடலையே பார்த்திராத எத்தனையோ பேர் அந்தப் படகில் ஏறித்தான் இந்த மண்ணை விட்டார்கள்.

அவர்கள் படகேறிய மணலாவது இருக்கிறதா? காசிமேட்டில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். "எந்த மணலு தம்பி? இந்தக் கல்லுக்கு அந்தாண்ட தெருவே இருந்துச்சு. எல்லாத்தையும் கடல் எடுத்துக்கிச்சு" என்று கருங்கல் தடுப்பைக் காட்டினார். துறைமுகச் சுவர் வந்த பிறகு, தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கேயே தடுக்கப்பட்டது. அதனால் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கரை கரைந்தது. அந்த அம்மா தடுப்புக் கற்களின் மேல் நின்று வெகுநேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது ஊர். ஜில்லா செங்கல்பட்டு, தாலுகா பொன்னேரி. அதுவரை தெளிவு. கிராமத்தின் பெயர்தான் பிடிபடவில்லை. சொல்பவர் தமிழில் சொல்ல, எழுதுபவர் காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் எழுதியிருக்கிறார். அந்த எழுத்தில் ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே எழுத்துதான். பழவேற்காடு 'புலிகாட்' ஆனது இப்படித்தான். டர்பனுக்குப் போனபின் கவுண்டர் 'கோவெண்டர்' ஆனார், முதலி 'மூட்லி' ஆனார்.

தாலுகா வரைபடத்தை வைத்துக்கொண்டு நான் ஒரு மாதம் கண்ணால் தேடினேன். கிடைக்கவில்லை. பிறகு மீஞ்சூர்ப் பக்கம் ஒரு டீக்கடையில் அந்தப் பெயரை, எழுதியிருந்தபடியே வாய்விட்டுப் படித்தேன். அங்கிருந்த ஒரு பாட்டி உடனே திருத்திச் சொன்னார். ழகரத்தோடு முழுப் பெயர் வந்தது. வரைபடத்தில் நான் பலமுறை தாண்டிப்போன ஊர். எழுத்தில் தொலைந்தது பேச்சில் பத்திரமாக இருந்தது.

அந்த ஊரிலிருந்து அம்மாவின் முன்னோர் நடந்து வந்திருக்கலாம், கால்வாய்ப் படகில் வந்திருக்கலாம். வடக்கே போகும் ரயில் தடம் 1860களில் இல்லை. ஊரில் உறவு என்று யாரும் கிடைக்கவில்லை. ஆனால் பதிவேட்டில் இருந்த தகப்பனின் பெயர் அங்கே இன்றும் வழங்குகிறது, குலசாமியின் பெயர் அது. டர்பனில் அந்த அம்மாவின் அண்ணன் பேரனுக்கும் அதே பெயர்தான். ஏன் அந்தப் பெயர் என்று தெரியாமலே ஐந்தாறு தலைமுறையாக வைத்து வருகிறார்கள்.

ஆள் கணக்குக்காக எழுதிய பதிவேடுதான் அது. ஆனாலும் நம் ஏழைகளின் பெயரும் ஊரும் உடம்பின் தழும்பும் எழுத்தில் ஏறிய வெகுசில இடங்களில் ஒன்று. அதன் மறுபாதி நம்மிடம் இருக்கிறது: ஊர்ப் பெயரின் சரியான உச்சரிப்பு, குலசாமி, "எங்க பாட்டனோட தம்பி கப்பல் ஏறிப் போனவர்" என்ற பேச்சு. இரண்டும் சேர்ந்தால்தான் ஒருவருக்கு ஊர் கிடைக்கும்.

கொல்கத்தாவில், கப்பல் ஏறியவர்களுக்காக ஆற்றங்கரையில் நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள். ராயபுரம் கரையிலும் தமிழில் ஒரு கல் வைக்க வேண்டும். அதற்கு அரசு மனம் வைக்க வேண்டும். ஆனால் இன்னொரு வேலையை நீங்கள் இன்றைக்கே செய்யலாம். உங்கள் வீட்டில் கப்பல் ஏறிப் போன ஒருவரைப் பற்றிய பேச்சு இருந்தால், பெரியவர்கள் இருக்கும்போதே அவர் பெயர், தகப்பன் பெயர், ஊர், குலசாமி நான்கையும் தமிழில் எழுதி வையுங்கள். அந்த வரியோடு ஒருநாள் யாராவது உங்கள் வாசலுக்கு வரக்கூடும்.