அக்காவுக்கு அனுப்பிய படம்

1998 ஆம் ஆண்டு மே மாதம் அக்காவுக்கு ஒரு படம் அனுப்பினேன். சிட்னித் துறைமுகத்தின் ஓரம், மிஸிஸ் மக்குவாரி முனையில் நிற்கிறேன். எனக்குப் பின்னால் ஒப்பரா மண்டபம், அதற்கும் பின்னால் பெரிய இரும்புப் பாலம். நான் போட்டிருந்த கோட்டு அறைத்தோழனுடையது. படத்தின் பின்பக்கத்தில் 'சுகமாக இருக்கிறேன்' என்று எழுதினேன். அந்த வரியை அக்கா நம்பவேண்டும் என்பதற்காகத்தான் அங்கே போய் அந்தப் படத்தை எடுத்தேன். அந்தக் காலத்தில் இங்கு வந்து சேர்ந்த எங்கள் ஆட்களில் பலர் வீட்டுக்கு அனுப்பிய முதல் படம் இதேதான். நிற்கும் ஆள் மட்டும் வேறு.

யாழ்ப்பாணத்தில் அக்கா வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் அந்தப் படம் கால் நூற்றாண்டாக நிற்கிறது. 2024 ஆம் ஆண்டு ஒருநாள் தொலைபேசியில், "தம்பி, நானும் அத்தானும் ஒருக்கா வந்து பாத்திட்டுப் போகட்டோ?" என்று கேட்டார். பயணத்திட்டம் போடுவது என் பொறுப்பாயிற்று.

அன்றிரவே கணினியில் அட்டவணை போட்டேன். பதினாறு நாள், ஐந்து நகரங்கள்: சிட்னி, கன்பரா, மெல்பேர்ண், பிரிஸ்பேர்ண், பேர்த். காலை ஆறு மணிக்கு எழும்பி இரவு பத்துக்குப் படுக்கும் திட்டம். மனைவி அதை முழுக்க வாசித்துவிட்டு ஒன்றுதான் கேட்டாள்: "இதில மச்சாள் எப்ப எங்களோட இருக்கப்போறா?"

ஊரில் இருப்பவர்களுக்கு இந்த நாட்டின் பரப்பு வரைபடத்தில் விளங்காது. வருடக்கணக்காக இங்கே இருக்கும் நமக்கே சிலவேளை மறந்துபோகிறது. இலங்கையின் நீளம் 430 கிலோமீற்றர் சொச்சம். சிட்னியில் இருந்து மெல்பேர்ணுக்கு வீதிவழி ஏறத்தாழ 880 கிலோமீற்றர், அதாவது அதைப்போல் இரண்டு மடங்கு. பேர்த்துக்கு விமானமே ஐந்து மணித்தியாலமளவில் பறக்கிறது, கொழும்பில் இருந்து சிங்கப்பூருக்குப் போவதைவிடக் கூட. எழுபது வயது அத்தானின் முழங்கால் இதற்கெல்லாம் இடம் கொடுக்காது. மூன்று நகரங்களை வெட்டினேன். சிட்னிக்கு ஒன்பது நாள், மெல்பேர்ணுக்கு ஐந்து நாள். மிச்சம் இரண்டு நாளை ஒன்றும் எழுதாமல் விட்டேன். ஒரு நாளைக்கு ஓரிடம், மதியத்துக்குள் பார்த்து முடிக்கவேண்டும் என்பதைச் சட்டமாக வைத்துக்கொண்டோம்.

எந்த மாதம் வருவது என்பதும் யோசிக்கவேண்டியதுதான். இங்கே ஜனவரியில் கொழுத்தும் கோடை, ஜூலையில் குளிர்காலம். டிசம்பர், ஜனவரியில் பள்ளி விடுமுறை என்பதால் விமானச்சீட்டும் தங்குமிடமும் விலையேறிவிடும். ஒக்ரோபர் கடைசியும் நவம்பரும்தான் நான் சொல்லும் காலம். ஊதா நிறப் பூச்சொரியும் ஜக்கரண்டா மரங்கள் சிட்னி வீதிகளை மூடிநிற்கும். கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியிருப்பார்கள், ஏழு மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். மெல்பேர்ண் போகிறவர்கள் நவம்பர் முதல் செவ்வாயை மட்டும் பார்த்துக்கொள்ளவேண்டும். அன்று குதிரைப்பந்தயம், மெல்பேர்ணில் பொது விடுமுறை, அந்தக் கிழமை தங்குமிடம் கிடைப்பதும் கஷ்டம். அதற்கு அடுத்த கிழமைக்கே நாங்கள் பதிவு செய்தோம்.

பொதி கட்டத் தொடங்கும்போதே அக்காவுக்கு ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். விமானத்தில் தரும் அட்டையில் உணவு, செடி, விதை பற்றிய கேள்வி வரும். என்ன கொண்டுவந்தாலும் 'ஆம்' என்று குறியுங்கள். சொல்லிவிட்டால் பார்த்துவிட்டுத் தருவார்கள் அல்லது எடுத்துவைப்பார்கள், அவ்வளவுதான். மறைத்துப் பிடிபட்டால் பெரிய தண்டப்பணம். அக்கா அப்படியே செய்தார். வறுத்து இடித்த மிளகாய்த்தூள் வந்துசேர்ந்தது. ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்த கறிவேப்பிலைக் கட்டு விமானநிலையத்தோடு போயிற்று. அந்த இலையில் ஒட்டிவரக்கூடிய சிறு பூச்சி ஒன்று, இங்குள்ள தோடை, எலுமிச்சைத் தோட்டங்களையே அழிக்கும் நோயைக் காவக்கூடியது. அக்காவின் முகம் வாடியது. வீட்டுக்கு வந்ததும் பின்வளவுக் கதவைத் திறந்துவிட்டேன். கூரையளவு உயர்ந்து நின்றது எங்கள் கறிவேப்பிலை மரம். அதன் கீழே போய் நின்று இலையைக் கசக்கி மணந்து பார்த்தார். "இதை ஒருநாளும் சொல்லேல்லையே!" என்றார். அது உண்மை. பதினைந்து வருடம் வளர்த்த மரத்தை ஒரு படம்கூட எடுத்து அனுப்பியதில்லை.

முதல்நாள் எங்கே போவது என்பதை அக்காவே தீர்மானித்துக்கொண்டு வந்திருந்தார். மிஸிஸ் மக்குவாரி முனையில் 1810 ஆம் ஆண்டு கைதிகள் மணற்பாறையில் செதுக்கிய இருக்கை ஒன்று இருக்கிறது. அப்போதைய ஆளுநரின் மனைவி இருந்து கடல் பார்ப்பதற்காகச் செய்தது. அத்தான் அதில் இருந்து இளைப்பாற, அக்கா படத்தில் பார்த்த இடத்தை அங்குலம் அங்குலமாகத் தேடினார். "நீ நிண்டது இதிலையோ, இன்னும் அங்காலையோ?"

அங்கிருந்து பூங்கா வழியாக ஒப்பரா மண்டபத்துக்கு நடந்தோம். தூரத்தில் ஒரே வெள்ளையாகத் தெரியும் கூரை, கிட்டப் போனால் பத்து லட்சத்துக்கும் அதிகமான சிறு ஓடுகள். சில பளபளக்கும், சில மங்கல் நிறம். வடிவமைத்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த யோர்ன் உட்சோன். 1957 ஆம் ஆண்டு போட்டியில் வென்றார். அரசோடு முரண்பட்டு 1966 ஆம் ஆண்டு, வேலை பாதியில் நிற்க, நாட்டைவிட்டே போனார். 1973 ஆம் ஆண்டு மண்டபம் திறக்கப்பட்டது. 2008 ஆம் ஆண்டு இறக்கும்வரை அவர் திரும்பி வரவில்லை. முடிந்த கட்டடத்தை நேரில் கண்டதே இல்லை. இதைச் சொன்னதும் அக்கா படியில் இருந்துவிட்டார். "அப்ப அந்த மனிசனும் படத்திலதான் பாத்திருக்கும், என்ன?" என்றார்.

மான்லிக்குப் படகில் போனோம். சுற்றுலாப் படகுக்குக் காசைக் கொட்டத் தேவையில்லை. சேர்க்குலர் கீயில் இருந்து புறப்படும் சாதாரணப் பயணிகள் படகு அரை மணித்தியாலத்தில் துறைமுகம் முழுவதையும் காட்டிவிடும். ரயில், பஸ், படகு எல்லாவற்றுக்கும் ஓப்பல் அட்டை ஒன்றே போதும். வெள்ளி முதல் ஞாயிறு வரை ஒரு நாளுக்கான உச்சக் கட்டணமும் குறைவு. மான்லிக் கடற்கரையில் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு இடையில் மட்டும் இறங்கவேண்டும், அதற்கு வெளியே இழுவை நீரோட்டம் இருக்கலாம். யாழ்ப்பாண வெயிலில் வளர்ந்த நமக்கு இந்த வெயில் ஒரு பொருட்டாகத் தெரியாது. ஆனால் உடம்பு வியர்க்காமலே தோல் எரிந்துபோகும். தொப்பியும் களிம்பும் இல்லாமல் அக்காவை வெளியே கூட்டிப்போகவில்லை.

சாப்பாட்டில் நான் போட்ட கணக்குப் பிழைத்தது. தோசைக்கும் இடியப்பத்துக்கும் வென்ட்வேர்த்வில், பெண்டில் ஹில், ஹரிஸ் பார்க் என்று கடைகள் குறித்துவைத்திருந்தேன். அக்கா, "அது வீட்டில இருக்குத்தானே. இஞ்சத்தைய ஆக்கள் என்ன சாப்பிடினம்?" என்று கேட்டார். அதன்பிறகு மான்லியில் கடலைப் பார்த்தபடி கடதாசியில் சுற்றிய மீன்பொரியலும் உருளைக்கிழங்குப் பொரியலும், கபிரமட்டாவில் வியட்நாமியரின் ஃபோ. அந்தக் கிண்ணத்தில் ஆவி பறக்கும் ரசம், மெல்லிய அரிசி நூடில்ஸ், பச்சை இலைகள், கடித்துக்கொள்ளப் பச்சைமிளகாய். வெறும் தேநீரைத் தவிர வெளியில் எதையும் நம்பாத அத்தான் கிண்ணத்தை நிமிர்த்திக் குடித்தார். 1975 ஆம் ஆண்டுப் போர் முடிவுக்குப் பிறகு அகதியாக வந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் கட்டியெழுப்பிய கடைத்தெரு அது. அக்கா கடைக்காரப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தார், அவளும் சிரித்தாள். இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. வெள்ளிக்கிழமை சைவம் என்பதால் அன்று பின்னேரம் மேஸ் ஹில் முருகன் கோயில் என்று ஒதுக்கியிருந்தேன். கற்பூர ஒளியில் அக்கா அழுதார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

மெல்பேர்ணின் மத்தியில் டிராம் இலவசம், அதனால் அத்தானின் கால் தப்பியது. 1878 ஆம் ஆண்டில் இருந்து நடக்கும் குயின் விக்டோரியாச் சந்தையில் சூடான ஜாம் டோனட்டைக் கையில் வைத்து ஊதி ஊதிச் சாப்பிட்டோம். திங்களும் புதனும் சந்தை பூட்டு, போகிறவர்கள் அந்த நாட்களைத் தவிர்க்கவேண்டும். காலையில் வெயில், மதியம் மழை, பின்னேரம் குளிர்காற்று. ஒரு மேற்சட்டை எப்போதும் கையில் இருக்கவேண்டிய ஊர் அது.

ஆனால் அக்கா இன்றைக்கும் கதைப்பது பெருங்கடல் வீதியைப் பற்றித்தான். 243 கிலோமீற்றர், கடலும் மலையும் உரசிக்கொள்ளும் விளிம்பு. காலையில் போய் இரவே திரும்புகிறவர்கள் உண்டு. வயதானவர்களோடு அது கூடாது என்று அப்பலோ பேயில் ஓரிரவு தங்கினோம். வழியில் வீதிக்குக் குறுக்கே மரத்தாலான வளைவு ஒன்று நிற்கிறது. முதலாம் உலகப்போரில் இருந்து திரும்பிய படையினர் 1919 முதல் 1932 வரை மண்வெட்டியும் பிக்கானுமாக இந்த வீதியை வெட்டினார்கள். திரும்பி வராத தோழர்களின் நினைவாக அமைந்தது. காரை நிறுத்தி இதைச் சொன்னேன். கடலைப் பார்த்துக்கொண்டு அக்கா கனநேரம் நின்றார். எங்கள் ஊரில் யாரை நினைத்தார் என்று எனக்குத் தெரியும். "செத்தவைக்காக ஒரு றோட்டுப் போட்டிருக்கினம். சனம் போய்வரும்" என்றார். கடலுக்குள் நிற்கும் பன்னிரு சீடர் பாறைகளை அடுத்தநாள் பார்த்தோம். 2005 ஆம் ஆண்டு அவற்றில் ஒன்று இடிந்து விழுந்ததைச் சொன்னபோதும் அவர் மனம் அந்த வளைவிலேயே நின்றது.

கடைக்குப் போவதற்கும் நேரம் பார்க்கவேண்டும். ஊரில் போல இரவு விளக்கு வெளிச்சத்தில் உடுப்பெடுக்க முடியாது. சாதாரண நாளில் ஐந்தரை, ஆறோடு பல கடைகள் பூட்டிவிடும். சிட்னியில் வியாழன் மட்டும் ஒன்பது மணிவரை திறந்திருக்கும். ஒரே கடையில் 300 டொலருக்குக் குறையாமல் வாங்கி, அறுபது நாளுக்குள் நாட்டைவிட்டுப் புறப்பட்டால், பற்றுச்சீட்டையும் பொருளையும் விமானநிலையத்தில் காட்டி விலையில் சேர்ந்த பத்து வீத வரியைத் திரும்பப் பெறலாம். ஆகவே கண்ட கண்ட கடையில் ஒவ்வொன்றாக வாங்காமல் ஒரே இடத்தில் சேர்த்து வாங்குவது நல்லது. ஆட்டு ரோமக் களிம்பு, யூகலிப்டஸ் தைலம், மக்கடேமியாக் கொட்டை, பேரப்பிள்ளைகளுக்குக் கங்காரு பொம்மை என்று அக்காவின் பட்டியல் ஒரே பின்னேரத்தில் முடிந்தது.

ஒன்றும் எழுதாமல் விட்ட நாட்களில் முதலாவது வந்தது. "நீ முதல் இருந்த வீட்டைக் காட்டு" என்றார் அக்கா. ஹோம்புஷ் ரயில் நிலையத்துக்குக் கிட்ட ஒரு தொடர்மாடி. இரண்டு அறையில் ஆறு பேர் இருந்தோம். முறைவைத்துச் சமைத்தோம், முறைவைத்துப் படுத்தோம். வெளியில் நின்று யன்னலைக் காட்டினேன். பிறகு, என் சொந்தக் காசில் முதல் கோட்டு வாங்கிய பழைய உடுப்புக் கடை இருந்த தெரு. கடைசியாக, நான் பின்னேர முறை வேலை செய்த தொழிற்சாலையின் வாசலில் உள்ள பஸ் தரிப்பிடம். தொழிற்சாலை இன்றில்லை, களஞ்சியமாகிவிட்டது. தரிப்பிடத்து வாங்கு மட்டும் அங்கேயே இருக்கிறது.

அக்கா அதில் இருந்தார். "கடைசி பஸ் எத்தனை மணிக்கு?"

"பதினொன்றரைக்கு."

"விட்டால்?"

"நடைதான். ஒரு மணித்தியாலம்."

"குளிரிலையோ?"

நான் தலையாட்டினேன்.

"இதை ஏன் அண்டைக்கு எழுதேல்லை?"

1998 ஆம் ஆண்டு அவர்கள் இடம்பெயர்ந்து, திரும்பி, கூரையில்லாத வீட்டில் அடுப்பு மூட்டிய காலம். அவர்களுக்கு என் குளிரை எழுத எனக்கு மனம் வரவில்லை. அக்காவும் தன் கூரையைப் பற்றி எனக்கு எழுதவில்லை. அந்த வாங்கில் இருந்து அதை இருவரும் அன்றைக்குத்தான் கதைத்தோம். இரண்டு பஸ்கள் வந்து நின்று, நாங்கள் ஏறாததைப் பார்த்துவிட்டுப் போயின.

மற்ற வெற்றுநாளில் எங்கும் போகவில்லை. கறிவேப்பிலை மரத்தின் கீழே கதிரைகளைப் போட்டு இருந்தோம். என் பிள்ளைகள் மாமியின் காலடியில் இருந்து, தங்கள் அப்பாவைப் பற்றி இதுவரை கேள்விப்படாத கதைகளைக் கேட்டார்கள்.

ஊரில் இருந்து ஆட்கள் வருகிறார்கள், எங்கே கூட்டிப்போகலாம் என்று இப்போது யாராவது என்னைக் கேட்டால், மேலே சொன்ன இடங்களையெல்லாம் எழுதிக் கொடுக்கிறேன். அதோடு, அட்டவணையில் இரண்டு நாளை வெறுமையாக விடுங்கள் என்றும் சொல்கிறேன். நீங்கள் முதலில் இருந்த வீடு, முதலில் வேலை செய்த இடம், நின்று அழுத தெரு எதுவென்று அவர்கள் கேட்டால் கூட்டிப்போய்க் காட்டுங்கள். அவர்கள் இவ்வளவு தூரம் வருவது அதற்காகவும்தான்.

புறப்படும் அன்று, எடுத்த படங்களில் எதைப் பெரிதாக்கித் தரட்டும் என்று அக்காவைக் கேட்டேன். பஸ் தரிப்பிட வாங்கில் நாங்கள் இருவரும் இருக்கும் படத்தைத் தொட்டுக் காட்டினார்.