துப்பாக்கி வேணுமா, மக்கா?

கன்னியாகுமரிக் கடற்கரையில் பலூன் சுடும் தள்ளுவண்டியைப் பார்த்திருப்பீர்கள். நண்பன் பத்து ரவை சுட்டான். இரண்டு பலூன் வெடித்தது. அதிலும் ஒன்று வெயிலில் தானாக வெடித்ததுதான் என்பது வண்டிக்காரரின் கட்சி!

"சிரிக்காதவே... நிஜத் துப்பாக்கிக்கே லைசென்ஸ் எடுக்கப்போறேன்" என்றான்.

விளையாட்டில்லை. நாகர்கோவிலில் ஒரு நிதி நிறுவனத்தில் அவனுக்கு வசூல் வேலை. இருட்டின பிறகு பை நிறையப் பணத்தோடு டூ வீலரில் தனியாகத் திரும்புவான். போன மாதம் ஒருத்தன் பின்னாலிருந்து பையைப் பிடித்து இழுத்தானாம். பை தப்பித்தது. முழங்கையில் மட்டும் ஏழு தையல்.

"வா, போற வழியில பேசுவோம்" என்று வண்டியைக் கிளப்பினேன்.

போன இடம் வட்டக்கோட்டை. குமரியிலிருந்து வடகிழக்கே 6 கிலோமீட்டர்தான். விவேகானந்தர் பாறைக்குப் படகு வரிசையில் நிற்கிற கூட்டத்தில் கால்வாசி கூட இங்கே எட்டிப்பார்ப்பதில்லை. பேர்தான் வட்டம். மதிலை ஒட்டி நடந்தால் மூலைகள் வருகின்றன! சுமார் மூன்றரை ஏக்கர், 25 அடி உயரக் கருங்கல் மதில், நடுவே ஒரு குளம், கல்லில் பாண்டியரின் மீன் சின்னம். மேலே ஏறினால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலையும் காற்றாலைகளும். காற்று சட்டையைப் பிடித்து இழுக்கிறது.

இந்தக் கோட்டைக்கும் துப்பாக்கிக்கும் நெருங்கிய உறவு. 1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்தார் மார்த்தாண்ட வர்மா. பிடிபட்ட டச்சு அதிகாரி டிலனாயைச் சிறையிலேயே போட்டு வைக்கவில்லை. "எங்க ஆளுகளுக்கும் சொல்லிக்கொடு" என்று தளபதியாக்கிவிட்டார். உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்க்கும் பட்டறை வந்தது. வட்டக்கோட்டையும் அவர் மேற்பார்வையில் உருவானதுதான். 1777-ல் இறந்தவருக்கு உதயகிரியிலேயே கல்லறை.

அப்புறம் காற்று திசை மாறியது. மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கையோடு, 1801 டிசம்பர் 1-ல் கும்பெனி ஓர் அறிக்கை விட்டது. பாளையக்காரர்களின் கோட்டைகளை இடி, ஆயுதங்களை ஒப்படை! 1809-ல் தளக்குளத்துக்காரர் வேலுத்தம்பி தளவாய் எழுந்தார். கும்பெனிப் படை ஆரல்வாய்மொழிக் காவலை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. திருவிதாங்கூர் ராணுவத்தைப் பெரும்பாலும் கலைத்துவிட்டார்கள். 1878-ல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம். இந்தியன் துப்பாக்கி வைக்க லைசென்ஸ் வேண்டும், வெள்ளைக்காரருக்கு வேண்டாம்!

"அப்ப நம்மளைப் பாத்துப் பயந்துதான் சட்டமே போட்டிருக்கான்" என்றான் நண்பன்.

எல்லா ஊரிலும் அப்படித்தான். சட்டம் எழுதியவர் யாரைப் பார்த்துப் பயந்தார் என்று பார்த்தால் போதும். அமெரிக்காக்காரன் அரசாங்கத்தைப் பார்த்துப் பயந்தான். பிரிட்டிஷ் ராஜாவோடு சண்டை போட்டு விடுதலை வாங்கின சூட்டோடு, 1791-ல் ஆயுதம் வைப்பதை உரிமையாகவே அரசியல் சட்டத்தில் எழுதிக்கொண்டான். 2018-ல் வெளிவந்த ஒரு கணக்குப்படி அங்கே 100 பேருக்கு 120 துப்பாக்கி. ஆளை விடத் துப்பாக்கி ஜாஸ்தி!

பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் பயந்தது வேறு காரணத்துக்கு. 1996 மார்ச்சில் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளிக்கூடத்தில் ஒருத்தன் 16 குழந்தைகளையும் ஓர் ஆசிரியையையும் சுட்டுக் கொன்றான். வைத்திருந்தது லைசென்ஸ் உள்ள துப்பாக்கிகள். மறுவருடமே கைத்துப்பாக்கிக்குத் தடை. அதே 1996 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் போர்ட் ஆர்தரில் 35 பேர் பலி. அரசாங்கம் காசு கொடுத்து சுமார் ஆறரை லட்சம் துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கி அழித்தது. தற்காப்புக்கு என்று சொன்னால் அங்கே லைசென்ஸே கிடையாது.

சுவிட்சர்லாந்தில் ராணுவப் பயிற்சி எடுத்தவர் துப்பாக்கியை வீட்டுக்கே கொண்டுபோகலாம். ஆனால் 2007-லிருந்து பெரும்பாலானவர்களுக்கு வீட்டில் வைக்கத் தோட்டா தருவதில்லை! ஜப்பானில் எழுத்துப் பரீட்சை, சுடும் பரீட்சை, மனநலச் சான்றிதழ், போலீஸ் விசாரணை எல்லாம் தாண்டினால் ஷாட்கன். அதைப் பொதுவாகப் பத்து வருடம் ஒழுங்காக வைத்திருந்தால்தான் ரைஃபிள். அந்த ஜப்பானிலும் 2022-ல் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேயை, வீட்டிலேயே செய்த துப்பாக்கியால் சுட்டுக் கொன்றார்கள். சட்டம் போட்டால் சாவே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

"நம்ம ஊருக்கு வா" என்றான்.

நம் ஊரில் இப்போது 1959-ம் வருட ஆயுதச் சட்டம். துப்பாக்கி வைப்பது உரிமை இல்லை, அரசு தரும் அனுமதி. குடகுக்காரர்களுக்கு மட்டும் வெள்ளைக்காரன் காலத்து விலக்கு தொடர்கிறது. அவர்கள் கைல் பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிடுகிறவர்கள். நாமெல்லாம் கலெக்டர் ஆபீஸில் மனு, போலீஸ் விசாரணை, டாக்டர் சான்றிதழ், பயிற்சிச் சான்றிதழ் என்று நடக்க வேண்டியதுதான். ஒருவர் மூன்று வரை வைக்கலாம் என்றிருந்ததை 2019-ல் இரண்டாகக் குறைத்துவிட்டார்கள். அத்தனையும் தாண்டி வாங்கினாலும், தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படை என்று ஆள் அனுப்புவார்கள்.

பக்கத்தில் மதில்மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் சிரித்தார். "நானும் ஒப்படைச்சிருக்கேன், மக்கா."

"உங்ககிட்ட துப்பாக்கி உண்டா, பாட்டா?"

"இருந்திச்சி. மலையடிவாரத்துல வாழை போட்டிருந்தேன், காட்டுப்பன்னி தொல்லை. ஒத்தைக்குழல் தோக்கு ஒண்ணு, லைசென்ஸோட. பதினேழு வருசத்துல பன்னியச் சுட்டதே இல்ல, கேட்டியா... மேல பாத்து வெடிச்சா ஓடிரும்."

"பிறகு ஏன் விட்டுட்டீங்க?"

கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். "வரப்புத் தகராறு. தம்பி ராத்திரி முற்றத்துல நின்னு அம்மையச் சேத்து ஒரு வார்த்தை சொன்னான். அடுத்தாப்புல எனக்கு நினைவு வரும்போ தோக்கு கையில இருக்கு. தோட்டாவும் போட்டாச்சு. எப்பப் போட்டேன்னு தெரியல. வீட்டுக்காரிதான் குழலைப் பிடிச்சுத் தொங்கிட்டா. காலையில முதல் பஸ்ஸுக்குப் போயி லைசென்ஸ எழுதிக் குடுத்துட்டேன். தம்பி இப்பவும் என்கூடப் பேசமாட்டான். ஆனா இருக்கான்லா..."

எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. பெரியவர் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

இறங்கி வரும்போது நண்பன்தான் ஆரம்பித்தான். "பைய இழுத்தானே, அன்னைக்குத் துப்பாக்கி இருந்திருந்தா சுட்டிருப்பேன்வே. எனக்குத் தெரியும். பின்னால யாரு வந்தான்னு கூடப் பாத்திருக்க மாட்டேன்."

"இப்ப என்ன செய்யப்போற?"

"பணம் அவங்களுக்கு, உயிர் எனக்கு. நாளைக்கு மேனேஜர்கிட்ட வண்டியும் கூட ஒரு ஆளும் கேக்கப்போறேன். இல்லாட்டி இருட்டுறதுக்குள்ள வசூலை முடிச்சுக்கிடுவேன், அதுக்கு மேல அவரே போகட்டும்."

நியாயமான பேச்சு. மேனேஜர் ஒத்துக்கொள்வாரா என்பது வேறு விஷயம்.

வண்டியில் ஏறும்போது கேட்டான். "பலூன்காரரு இன்னும் இருப்பாரா? இன்னொரு பத்து ரவை அடிச்சுப் பாத்துருவோம்!"