நான்கு கோடைகள், ஒரு ரெலே

ஓரியண்டீரிங் என்று ஒரு ஓட்டப்பந்தயம் இருக்கிறது. பிரெஞ்சில் 'கூர்ஸ் தோரியாந்தாசியோன்' என்பார்கள். நம்மூர்ப் பத்திரிகைகளில் அதற்கு இரண்டு அங்குல இடம் ஒதுக்கி நான் பார்த்ததில்லை. பிரான்சில் பள்ளிக்கூட உடற்பயிற்சி வகுப்பிலேயே அது உண்டு. சேந்த் எத்தியேனில் படிக்கும் என் மகள் வயிற்றுப் பேரன் ஒரு நாள் வீடியோவில் கூப்பிட்டு, "தாத்தா, இன்னைக்கு கையில ஒரு கார்த்தையும் புசோலையும் குடுத்து எங்களைக் காட்டுல விட்டுட்டாங்க" என்றான். கார்த் என்றால் வரைபடம், புசோல் என்றால் திசைகாட்டி. பிள்ளையைக் காட்டில் விட்டார்களாமே என்று என் வீட்டுக்காரி பதறிப் போனாள். எனக்கு மட்டும் ஆர்வம் பிடித்துக்கொண்டது. ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்கா பஞ்சம்? தேடித் தேடிப் படித்தேன், பழைய ஓட்டங்களின் காணொளிகளையும் பார்த்தேன்.

ஆட்டம் இதுதான். காட்டுக்குள் பல இடங்களில் வெள்ளையும் ஆரஞ்சும் கலந்த சிறு துணிக்கூண்டுகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். ஆங்கிலத்தில் கண்ட்ரோல், பிரெஞ்சில் பாலீஸ். அவை எங்கே இருக்கின்றன என்று வரைபடத்தில் வட்டம் போட்டு எண் கொடுத்திருக்கும். அந்த வரிசை மாறாமல் ஒவ்வொன்றையும் தொட்டு, விரலில் மாட்டிய மின்னணுச் சில்லில் பதிவு செய்துகொண்டு வர வேண்டும். குறைந்த நேரத்தில் வந்தவர் ஜெயித்தார். இடையில் எந்த வழியாகப் போவது என்பது ஓடுகிறவர் பாடு. மலையில் ஏறி இறங்கலாம், சுற்றிக்கொண்டு பாதை வழியாகவும் போகலாம். ஓடுகிற காட்டை முன்கூட்டிப் போய்ப் பார்க்கக்கூடாது. படமே ஓட்டம் தொடங்கும்போதுதான் கைக்கு வரும்.

அந்தப் படத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேல் நிலப்பதிவு அலுவலகத்தில் குமாஸ்தாவாக உட்கார்ந்தவன் நான். புதுச்சேரியில் வீடு, மனை வாங்கியவர்களுக்குக் கதாஸ்தர் எண் என்றால் என்னவென்று தெரியும். பிரெஞ்சுக்காரன் அளந்து வைத்துவிட்டுப் போன கணக்கு அது. அந்தப் படங்களை விரித்து மடித்தே என் சர்வீஸ் முடிந்தது. படத்தில் குளம் இருக்கும், நேரில் போனால் மூன்று மாடி வீடு நிற்கும். அப்படிப்பட்டவனுக்கு ஓரியண்டீரிங் படத்தைப் பார்த்ததும் பொறாமையே வந்தது. ஆள் உயரப் பாறை, சிறு பள்ளம், ஓடை என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. நீண்ட ஓட்டத்துக்கு 1:15,000 அளவு, நடுத்தர ஓட்டத்துக்கு 1:10,000, ஊருக்குள் ஓடும் ஸ்பிரிண்டுக்கு 1:4,000. பச்சை நிறம் என்றால் காடு என்றுதானே நினைப்போம்? இதில் நன்றாக ஓடக்கூடிய காடு வெள்ளை நிறம். பச்சை அடர அடர புதர் நெருக்கம், ஓட முடியாது என்று பொருள். மஞ்சள் திறந்த வெளி, பழுப்புக் கோடுகள் மேடுபள்ளம். இதையெல்லாம் மூச்சு வாங்க ஓடிக்கொண்டே படிக்கிறார்கள். எங்கள் காலத்துப் பள்ளியில் லுவார், ரோன், கரோன், சேன் என்று பிரான்சின் ஆறுகளைப் பார்க்காமல் வரையச் சொல்வார்கள். அடித்தால்கூடச் சரியாக வரைவோம். சங்கராபரணி எங்கே உற்பத்தியாகிறது என்று மட்டும் எங்களை யாரும் கேட்டதில்லை.

இந்த விளையாட்டு ஸ்காண்டிநேவிய நாடுகளில் பிறந்தது. 1897-இல் நார்வேயில் முதல் பொதுப் போட்டி நடந்தது. 1919-இல் ஸ்டாக்ஹோமுக்குத் தெற்கே எர்ன்ஸ்ட் கிலாண்டர் என்ற சாரணர் தலைவர் நடத்திய போட்டிக்குப் பிறகு அது பெரிதாகப் பரவியது. 1961-இல் சர்வதேசச் சம்மேளனம், 1966-இல் பின்லாந்தில் முதல் உலக சாம்பியன்ஷிப். அதிகாரபூர்வமான உலகக் கோப்பை 1986-இல் வந்தது. முதலில் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடந்து, பின்னர் ஆண்டுதோறும் என்றானது. கோப்பை என்பதால் ஒரே ஊரில் ஒரு வாரத்தில் முடிந்துவிடுவதில்லை. ஒரு பருவம் முழுவதும் நாடு நாடாகப் போய் ஓடி, புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். பெரும்பாலும் ஐரோப்பாவில்தான். 2013-இல் நியூசிலாந்திலும் 2015-இல் டாஸ்மேனியாவிலும் ஜனவரியிலேயே தொடங்கியிருக்கிறது. 2019-இல் கடைசிச் சுற்று சீனாவில். ஒரு மாதம் பைன் மரக்காடு, அடுத்த மாதம் பாறை மலை, அதற்கடுத்து ஏதோ பழைய நகரத்தின் சந்துகள். எல்லா இடத்திலும் ஒரே ஆள் நன்றாக ஓடுவது லேசுப்பட்ட காரியமில்லை. சுவிட்சர்லாந்தின் சிமோன் நிக்லி அதைப் பல பருவங்கள் செய்து காட்டிய பெண்மணி. உயிரியல் படித்தவர், மூன்று குழந்தைகளுக்குத் தாய், உலக சாம்பியன்ஷிப் தங்கம் மட்டும் 23. 2003-இல் சொந்த நாட்டிலும் 2005-இல் ஜப்பானிலும் நான்கு ஓட்டங்களில் நான்கையும் ஜெயித்தார்.

ஆனால் நான் சொல்ல வந்தது பேரனின் ஊர்க்காரரைப் பற்றி. தியேரி ஜோர்ஜியு, 1979-இல் சேந்த் எத்தியேனில் பிறந்தவர். நடுத்தர ஓட்டத்தில் 2003, 2004, 2005 என்று தொடர்ந்து மூன்று முறை உலக சாம்பியன். தனி ஓட்டத்தில் இவருக்குக் கிடைக்காதது இல்லை. ரெலேயில்தான் சனி பிடித்தது. ரெலே என்றால் மூன்று பேர், ஒருவர் முடித்ததும் அடுத்தவர் கிளம்ப வேண்டும். எல்லா அணியும் ஒன்றாகத் தொடங்குவதால், முன்னால் ஓடுகிறவன் முதுகைப் பார்த்துக்கொண்டே போய்விடலாமே என்று கேட்பீர்கள். அதற்கும் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். சில பாலீஸ்கள் ஆளுக்கு ஆள் மாறியிருக்கும், கடைசியில் கூட்டிப் பார்த்தால் எல்லா அணிக்கும் சமமாக வரும். அவன் பின்னாலேயே போனால் அவனுடைய பாலீஸுக்குத்தான் போய்ச் சேருவாய்.

2008, செக் நாட்டின் ஒலோமோவ்ட்ஸ். கடைசி ஆளாக ஓடிய ஜோர்ஜியு முன்னணியில் இருந்தார். வழியில் ஒரு தேனீ வாய்க்குள் போய்த் தொண்டையில் கொட்டிவிட்டது. மூச்சுத் திணறி, ஓட்டம் அங்கேயே முடிந்தது. தங்கம் பிரிட்டனுக்குப் போயிற்று.

2009, ஹங்கேரியின் மிஷ்கோல்ட்ஸ். மறுபடியும் கடைசிச் சுற்று. சுவீடன், பிரான்ஸ், நார்வே, செக் அணிகள் பதக்கத்துக்கு முட்டி மோதிக்கொண்டிருந்தன. சுவீடனின் மார்ட்டின் யோஹான்சன் தொடையில் ஒரு மரக்குச்சி ஆழமாகக் குத்தி ஏறிவிட்டது. காட்டின் நடுவில் ரத்தம் கொட்டக் கிடக்கிறார். ஜோர்ஜியு நின்றுவிட்டார். நார்வேயின் ஆண்டர்ஸ் நோர்ட்பெர்க் நின்றார். செக்கின் மிகால் ஸ்மோலாவும் நின்றார். நான்கு நாட்டின் பதக்கமும் அந்தப் புதரடியில் நின்றது. காயத்துக்குக் கட்டுப் போட்டு, அவரைப் பத்திரமாக வெளியே கொண்டு சேர்ப்பதே அவர்களுக்கு அப்போது வேலை. சுவிட்சர்லாந்து ஜெயித்தது. இந்த மூன்று அணிகளும் பட்டியலில் எங்கோ அடியில் கிடந்தன.

கடற்கரைச் சாலையில் என்னோடு நடக்கும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். கணக்குத் துறையில் இருந்தவர். "அப்ப அந்த சுவிஸ்காரன் ஜெயிச்சது செல்லாதுன்னு அறிவிச்சிருக்கணும் சார்" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காட்டில் ஆளுக்கு ஒரு வழி, எல்லோர் கண்ணிலும் எல்லாமும் படாது. ஓடி முடித்தவர்கள் விதிப்படி ஓடினார்கள். நின்றவர்களை யாரும் நிற்கச் சொல்லவும் இல்லை, நின்றதற்கு நேரத்தைத் திருப்பித் தரவும் இல்லை. அதனால்தான் அந்த நிற்பதற்கு மதிப்பு என்று அவரிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. முறைப்படி மறு ஓட்டம் வைத்திருக்க வேண்டும் என்று சுண்டல்காரர் வரும்வரை வாதாடினார். ஒரு விஷயம் அவருக்கும் பிடித்திருந்தது. அந்த மூன்று பேரில் ஜோர்ஜியுவுக்குத்தான் இழப்பு அதிகம், முந்தின வருஷம்தான் தேனீயிடம் பறிகொடுத்தவர். "அவனுக்கு ஒரு செகண்ட் யோசனை வந்திருக்கும் சார், வராம இருக்காது" என்றார். வந்திருக்கலாம்.

2010, நார்வேயின் ட்ரோண்ட்ஹெய்ம். மூன்றாவது முறையாகக் கடைசி ஆள். இந்தத் தடவை பூச்சியும் இல்லை, காயமும் இல்லை. ஒரு பாலீஸ் விடுபட்டுப் போயிற்று. ஒன்று விட்டாலும் அணி முழுவதும் நீக்கம், முதல் இரண்டு பேர் ஓடியதும் வீண். கோப்பில் ஒரு கையெழுத்து விட்டுப்போனால் மொத்தமும் திரும்பி வருமே, அந்த மாதிரி.

அடுத்த வருஷம் சாம்பியன்ஷிப் பிரான்சிலேயே, சவுவா மலைப்பகுதியில். பிலிப் அதாம்ஸ்கி, பிரான்சுவா கோனோன், மூன்றாவதாக மறுபடியும் ஜோர்ஜியு. நான்காவது தடவையும் இவரையே கடைசியில் நிறுத்திய அந்தப் பயிற்சியாளரின் நெஞ்சுரத்தை நினைத்துப் பாருங்கள். நம் அலுவலகமாக இருந்தால் மெமோ கொடுத்து வேறு செக்‌ஷனுக்கு மாற்றியிருப்பார்கள். அந்த நாள் தேனீ வரவில்லை, யார் காலிலும் குச்சி ஏறவில்லை, எல்லாப் பாலீஸும் பதிவாகியிருந்தது. பிரான்சுக்குத் தங்கம். அதே வாரம் தனி ஓட்டத்தில் நடுத்தரமும் நீண்டதும் ஜோர்ஜியுவுக்கே.

2017-இல் எஸ்தோனியாவின் தார்த்துவில் 38 வயதில் நடுத்தர ஓட்டத்தை இன்னொரு முறை ஜெயித்துவிட்டு ஓட்டத்தை நிறுத்திக்கொண்டார். பிறகு பயிற்சியாளராகப் போனார், மார்ட்டின் யோஹான்சனின் நாடான சுவீடனின் தேசிய அணிக்கு.