கேமிங் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ரிச்சி தெருவுக்கு!

சென்ட்ரல் மெட்ரோ ஸ்டேஷன் ஸ்கேனருக்குள் பூப்போட்ட போர்வை சுற்றிய ஒரு மூட்டை போகிறது. திரையைப் பார்த்த காவலர் நிமிர்ந்து, "என்னப்பா இது?" என்கிறார். "சி.பி.யு. சார்" என்று தம்பி சொல்ல, "ரிச்சி ஸ்ட்ரீட்டா?" என்று அவரே கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே அனுப்பிவிடுகிறார். இப்படி எத்தனை மூட்டைகளைப் பார்த்திருப்பாரோ!

அரக்கோணத்தில் இருந்து மின்சார ரயிலில் வந்த அக்கா, தம்பி அவர்கள். அக்காவுக்கு 23, தம்பிக்கு 19. சென்ட்ரலில் இருந்து மெட்ரோவில் ஒரே ஒரு ஸ்டேஷன், அரசினர் தோட்டம். அங்கே இறங்கி அண்ணா சாலை ஓரமாகக் கொஞ்ச தூரம் நடந்தால் ரிச்சி தெரு. பறக்கும் ரயிலில் வருபவர்கள் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கியும் நடந்துவிடலாம்.

போர்வைக்குள் இருப்பது 2020 லாக்டௌனில் 'ஆன்லைன் கிளாஸ்' என்று சொல்லி தம்பி வாங்க வைத்த கேமிங் கம்ப்யூட்டர். கிளாஸ் எவ்வளவு நடந்தது என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை. ஆனால், இப்போது அது அக்காவின் பிழைப்புக்கு வந்திருக்கிறது. பக்கத்துத் தெருத் தோழியின் வளைகாப்பு வீடியோவை எடிட் செய்து தருவதாக ஒப்புக்கொண்டு, 2,000 ரூபாய் முன்பணமும் வாங்கிவிட்டார். முதல் ஆர்டர். இது ஒழுங்காக முடிந்தால் சொந்தத்தில் ஒரு கிரகப்பிரவேசம், ஒரு காதுகுத்து என இன்னும் இரண்டு காத்திருக்கின்றன. ஆனால், நலங்கு வைக்கும் காட்சிக்கு வந்தாலே கம்ப்யூட்டர் உறைந்து நின்றுவிடுகிறது. தோழிக்கு இது ஒன்பதாம் மாதம். குழந்தை பிறப்பதற்குள் வீடியோவைக் கொடுத்தாக வேண்டும்.

அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்த பணம் 10,000 ரூபாய் அக்காவின் கைப்பையில். அதை எதில் போடுவது என்பதில்தான் வீட்டில் ஒரு வாரமாகச் சண்டை. புதுசா ஒரு கிராபிக்ஸ் கார்டு என்பது தம்பியின் கட்சி. எடிட்டிங்குக்கும் ஆச்சு, கேமுக்கும் ஆச்சு!

ரிச்சி தெரு என்பது ஒரு தெரு இல்லை. நரசிங்கபுரம் தெரு, வாலர்ஸ் ரோடு, மீரான் சாகிப் தெரு என்று கேசினோ தியேட்டர் பக்கம் பின்னிக்கிடக்கும் பல தெருக்களுக்குச் சேர்த்து ஒரே பெயர். ரேடியோ, டேப்ரிக்கார்டர் உதிரி பாகங்கள் விற்ற காலத்துக் கடைகளின் வாரிசுகளும் இங்கே உண்டு. நேற்று திறந்த மொபைல் கவர் கடையும் உண்டு. தில்லி நேரு பிளேஸுக்கு அடுத்த பெரிய எலெக்ட்ரானிக்ஸ் சந்தை என்று சொல்வார்கள். நடக்க மட்டும் இடம் இருக்காது. டூ வீலர், டிராலி, அட்டைப்பெட்டி, டீ கிளாஸ், தலைக்கு மேலே ஒயர். பத்தடிக்கு ஒருவர், "என்ன வேணும்? லேப்டாப்பா, சிசிடிவியா?" என்று வழி மறிப்பார்கள்.

கீழ்த்தளத்தில் பளிச்சென்று விளக்கு எரிந்த முதல் கடையில், போர்வையைப் பிரிப்பதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிட்டது. "எடிட்டிங்கா? கார்டு மாத்தணும். ஆர்டிஎக்ஸ் போட்டாத்தான் ஓடும்." தம்பி முகத்தில் வெளிச்சம். "எங்ககிட்ட 10,000தான் இருக்கு" என்று அக்கா சொன்னதும், "மீதிக்கு இஎம்ஐ போட்டுக்கலாம்மா" என்றார்கள்.

அவர்கள் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. தம்பியின் கம்ப்யூட்டரில் இருப்பது ஜிடிஎக்ஸ் 1650 கார்டு. 75 வாட்தான் இழுக்கும். ஆர்டிஎக்ஸ் 3060 என்றால் 170 வாட். அதற்கு 550 வாட் பவர் சப்ளை பரிந்துரைக்கப்படுகிறது. அவர்களிடம் இருப்பதோ 450 வாட். கார்டு வாங்கினால் எஸ்எம்பிஎஸ்ஸும் மாற்ற வேண்டும். ஒரு செலவு இன்னொரு செலவைக் கையைப் பிடித்துக் கூட்டிவரும்.

அக்கா அங்கேயே முடிவு செய்யாமல் வெளியே வந்தது நல்லதாகப் போயிற்று. இந்தத் தெருவில் உருப்படியான பல கடைகள் மாடியில், விளக்கு சரியாக எரியாத படிக்கட்டுக்கு மேலே இருக்கின்றன. அப்படி ஒரு இரண்டாவது மாடிக் கடை. நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்த பெரியவர் முதலில் கேட்டது விலையை அல்ல. "மெஷின் நிக்கும்போது டாஸ்க் மேனேஜரைப் பாத்தியா தம்பி?"

தம்பி பார்த்திருந்தான். போனில் போட்டோவே வைத்திருந்தான். மெமரி 97 சதவிகிதம். டிஸ்க் 100 சதவிகிதம். கிராபிக்ஸ் கார்டு வெறும் 18.

பெரியவர் போட்டோவை விரலால் பெரிதாக்கி அக்காவிடம் காட்டினார். "பாரும்மா, கார்டு சும்மா உக்காந்திருக்கு. அதைப் போய் மாத்தி என்ன பண்ணப் போறே?"

தம்பிக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. "கேம்ல இதே மெஷின் நல்லா ஓடுதே சார்?"

நியாயமான கேள்விதான். கேமில் ஒவ்வொரு காட்சியையும் கம்ப்யூட்டர் தானே வரைகிறது. அது பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டின் வேலை. வீடியோ அப்படி இல்லை, அது மடித்து வைத்த புடவை மாதிரி. போனும் கேமராவும் இடத்தை மிச்சப்படுத்த, சில ஃப்ரேம்களை மட்டுமே முழுசாகச் சேமிக்கின்றன. நடுவில் வரும் ஃப்ரேம்களில் என்ன மாறியது என்பதை மட்டும் குறித்துவைக்கின்றன. நேராகப் பார்த்தால் சிக்கல் இல்லை. எடிட் செய்பவரோ முன்னே ஓட்டுவார், பின்னே இழுப்பார், நடுவில் வெட்டுவார். ஒவ்வொரு முறையும் மடிப்பைப் பிரித்துப் பிரித்துக் காட்ட வேண்டும். அதற்கு பிராசஸர் உழைக்க வேண்டும், பிரித்ததை வைக்க ரேம் வேண்டும், படிக்க வேகமான டிஸ்க் வேண்டும்.

இந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது 8 ஜிபி ரேம். அக்கா பயன்படுத்தும் டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்புக்கு அந்த நிறுவனமே பரிந்துரைப்பது 16 ஜிபி. போதாததற்கு, வளைகாப்பு வீடியோ முழுக்க பழைய 1 டிபி ஹார்டு டிஸ்கில் கிடந்தது. சுழலும் ஹார்டு டிஸ்க் நொடிக்கு 100, 150 எம்பி படித்தால் பெரிது. சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே 500 எம்பி தொடும். 4கே வீடியோ இடத்தையும் விழுங்கும். ஐபோன் செட்டிங்ஸைத் திறந்தாலே தெரியும், 4கே 30 ஃப்ரேமில் ஒரு நிமிடத்துக்கு சுமார் 170 எம்பி. ஒரு மணி நேர விசேஷம் என்றால் 10 ஜிபி.

கேபினெட் மூடியைத் திறந்ததும் பெரியவர் முகம் சுளித்தார். ஐந்து வருடத் தூசு. பிராசஸர் ஃபேனுக்கு அடியில் ஒரு குட்டிக் கம்பளமே நெய்யப்பட்டிருந்தது. இதுவும் ஒரு காரணம். கேமில் பிராசஸர் அவ்வப்போது மூச்சுவிடும். வீடியோவை எக்ஸ்போர்ட் செய்யும்போது ஆறு கோர்களும் இடைவிடாமல் ஓடும். சூடு ஏறினால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ப்ளோயர் வைத்து ஊதி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வைத்தார் கடைப் பையன்.

அடுத்தது ரேம். 2025 கடைசியில் ரேம் விலை கிடுகிடுவென ஏறியது பலருக்கும் நினைவிருக்கும். ஏஐ டேட்டா சென்டர்களுக்கான மெமரிக்குத் தயாரிப்பு நிறுவனங்கள் முன்னுரிமை கொடுத்ததில், வீட்டுக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் பாடு திண்டாட்டமானது. அதனால் பெரியவர், கடை வாரன்டியோடு ஒரு பழைய 8 ஜிபி டிடிஆர்4 ஸ்டிக்கை எடுத்தார். அதன் தங்க நிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்துவிட்டுச் சொருகினார். "3200 ஸ்பீடு இல்லையா சார்?" என்றான் தம்பி. "உன் ஐ5 9400எஃப்க்கு 3200 போட்டாலும் 2666லதான் ஓடும். எதுக்குக் கூடக் காசு?"

அந்த 'எஃப்' எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இன்டெல் பிராசஸர் பெயரின் கடைசியில் எஃப் இருந்தால் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் கிடையாது. வீடியோவின் மடிப்பைப் பிரிக்கக் கைகொடுக்கும் குவிக் சிங்க் வசதியும் அதோடு போய்விடும். எடிட்டிங் ஆசையில் புதிதாக இன்டெல் வாங்குகிறவர்கள், சிறிய விலை வித்தியாசத்துக்காக எஃப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

பிறகு 500 ஜிபி எஸ்எஸ்டி. சூயிங்கம் பட்டை போல இருக்கும் எம்.2 வகையில் சாட்டா, என்விஎம்இ என இரண்டு ஜாதி உண்டு. பார்க்க அண்ணன் தம்பி மாதிரியே இருக்கும். மதர்போர்டு எதை ஏற்கும் என்று தெரியாமல் வாங்கினால் வீண். போர்டின் மாடல் எண்ணைப் பார்த்து உறுதி செய்த பிறகே பெட்டியைப் பிரித்தார்கள். இனி விண்டோஸும் சாஃப்ட்வேரும் பழைய 240 ஜிபி எஸ்எஸ்டியில். கையில் இருக்கும் வேலை புதியதில். முடிந்த வேலை ஹார்டு டிஸ்கில். "இன்னொரு காப்பி வேற எங்கயாவது வெச்சுக்கோம்மா. வளைகாப்புக்கு ரீடேக் கிடையாது" என்றார் பெரியவர்.

கடை மானிட்டரில் இணைத்து, பென்டிரைவில் கொண்டுவந்த நலங்குக் காட்சியை அக்கா திறந்தார். உறையவில்லை. ஆனால், 4கே ஓட்டத்தில் திக்கல் இன்னும் மிச்சம் இருந்தது. அக்கா முகம் வாடிவிட்டது. 10,000 ரூபாயில் எல்லாம் மாயமாக மாறிவிடாது.

மிச்சத்தைத் தீர்த்து வைத்தது காசே இல்லாத வழி. கடைப் பையன் சாஃப்ட்வேரில் 'பிராக்ஸி' உருவாக்கக் கொடுத்தான். ஒரிஜினல் வீடியோ அப்படியே இருக்க, எடிட் செய்வதற்கு மட்டும் இலகுவான ஒரு நகல். வெட்டி ஒட்டுவதெல்லாம் நகலில் நடக்கும். எக்ஸ்போர்ட்டை ஒரிஜினலுக்கு மாற்றிவிடலாம். டைம்லைனையும் 1080பி ஆக்கினான். வாட்ஸ்அப்பிலும் வீட்டு டிவியிலும் பார்க்கப்போகும் வளைகாப்புக்கு அது தாராளம். இந்த முறை, சந்தனம் பூசும் கைகள் முன்னும் பின்னும் வழுக்கிக்கொண்டு ஓடின.

"போன்ல எடுத்த கிளிப்ல மட்டும் பேச்சு தள்ளித் தள்ளி வருதுண்ணா" என்றார் அக்கா. போன் வீடியோவில் ஃப்ரேம் வேகம் ஏறி இறங்குவதால் வரும் கோளாறு அது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச சாஃப்ட்வேரில் ஒரே சீரான வேகத்துக்கு மாற்றிவிட்டு எடிட்டிங்கைத் தொடங்கச் சொன்னான் பையன்.

பெரியவர் பில் போடும்போது சீரியல் நம்பரையும் எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டார் அக்கா. இங்கே பில் இல்லாமல் விலை குறைத்துத் தருவதாகச் சிலர் சொல்வார்கள். வாரன்டிக்கு வந்து நிற்கும்போது அந்தத் தள்ளுபடியின் அருமை தெரியும். இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகளுக்கு விடுமுறை. மற்ற நாட்களில் காலை 11 மணி வாக்கில் போனால் கடைக்காரர்களுக்கு நின்று பேச நேரம் இருக்கும். போர்டு மாடல், காலியாக இருக்கும் ரேம் ஸ்லாட், டாஸ்க் மேனேஜர் போட்டோ மூன்றும் போனில் இருந்தால் பாதிப் பேரம் முடிந்த மாதிரி.

எல்லாம் போக 640 ரூபாய் மீதி. படியிறங்கும்போது தம்பி ஒன்றும் பேசவில்லை. கீழே ஒரு கடை வாசலில் கலர் கலராக விளக்கு எரியும் கேபினெட் ஃபேன்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அவன் நடை மட்டும் கொஞ்சம் மெதுவானது. அக்கா கவனித்தார். விலை கேட்டார், பேரம் பேசினார், 350 ரூபாய்க்கு ஒன்றை வாங்கி அவன் கையில் வைத்தார். "எடிட்டிங்குக்கு இதனால ஒரு பிரயோஜனமும் இல்லக்கா" என்றான் அவன். "தெரியும். பிடி."

அரக்கோணம் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது மூட்டைக்கு மட்டும்தான். இருவரும் நின்றுகொண்டே வந்தார்கள். திருவள்ளூர் தாண்டும்போது தோழியிடம் இருந்து வாய்ஸ் மெசேஜ், "வெள்ளிக்கிழமை அட்மிட் ஆகச் சொல்லிட்டாங்கடி. அதுக்குள்ள ஆயிடுமா?"

அன்று செவ்வாய்க்கிழமை. "வியாழக்கிழமை ராத்திரி அனுப்பிடறேன்" என்று பதில் போட்டுவிட்டு, அக்கா போர்வை முடிச்சை இன்னொரு முறை இழுத்துக் கட்டினார்.