துரைத் தொப்பிக்குள் இருந்த நெட்டி

பழைய ராணுவ வெயில் தொப்பிகளைச் சேகரிக்கும் நண்பர் ஒருவர், எந்தத் தொப்பி கைக்கு வந்தாலும் முதலில் எடைதான் பார்ப்பார். கொஞ்சம் கனத்தால் கார்க். இங்கிலாந்தில் செய்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். தடித்த சுவரோடு இருந்தும் கனமே தெரியாவிட்டால் உள்ளே இருப்பது நெட்டி, நம் நாட்டு வேலை. அதன்பின் கவிழ்த்துப் பார்ப்பார். வியர்வைத் தோல்பட்டையில் அம்புக்குறியும் அதன்கீழ் ஆங்கில 'ஐ' எழுத்தும் இருந்தால் இந்திய ராணுவம் சோதித்து ஏற்றுக்கொண்ட சரக்கு. விளிம்பின் அடியில் பச்சைத் துணி, உச்சியில் காற்றுக் குமிழ், சுற்றிய தலைப்பாகைத் துணியின் மடிப்பு, கடையின் முத்திரை என்று ஒவ்வொன்றும் விலையைக் கூட்டும். 1879 ஜூலு போரில் சிப்பாய்கள் வெள்ளைத் தொப்பியைத் தேநீரில் நனைத்துப் பழுப்பாக்கினார்கள். அந்தக் கறைக்குக்கூட மதிப்பு உண்டு.

நெட்டியைச் சீவிய கைக்கு மட்டும் அந்தத் தொப்பியில் எந்த அடையாளமும் இல்லை. அது என்னை உறுத்தியது. விரிசல் விட்ட ஒரு நெட்டித் தொப்பியைச் சரிசெய்ய நண்பர் வங்காளம் கிளம்பியபோது நானும் உடன் போனேன்.

கட்வா பக்கத்தில் பன்காபாசி என்ற ஊர். நெட்டி வேலைக்குப் பேர்போனது. தஞ்சாவூரில் பெரிய கோயிலைச் சிறிதாகச் செய்து கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறார்களே, 2020இல் புவிசார் குறியீடு பெற்றதே, அதே நெட்டிச் செடிதான். மழைக்காலத்தில் தேங்கிய நீரில் வளரும். இங்கே அது துர்க்கையின் அலங்காரமாகவும் மாப்பிள்ளையின் கிரீடமாகவும் ஆகிறது. செய்கிறவர்கள் மாலாக்கார் சமூகத்தார். தன் கல்யாணத்துக்கு வெள்ளை மகுடம் கேட்ட சிவன்தான் தங்களைப் படைத்தான் என்பது அவர்கள் கதை.

நாங்கள் பார்க்கப் போனவருக்கு எழுபது வயதுக்கு மேல். தரையில் உட்கார்ந்து, காய்ந்த தண்டின் பழுப்புத் தோலை நீக்கிவிட்டு, நீண்ட கத்தியை அதன்மேல் படிய வைத்தார். கத்தி அசையவில்லை, இடது கை தண்டை உருட்டியது. தண்டிலிருந்து வெள்ளைத் தாள் சுருளவிழ்ந்து வந்துகொண்டே இருந்தது. எங்கும் கிழியவில்லை, ஒரே கனம். தூக்கிப் பிடித்தால் மறுபக்கம் அவர் விரல் நிழலாகத் தெரிந்தது. கத்தி அவருடைய தாத்தாவுடையது. தீட்டித் தீட்டி அகலம் பாதியாகிவிட்டது. பேரன் தொட்டால் மட்டும் அதட்டுவாராம். நெட்டி சீவுவதற்குத் தவிர விளையாட்டுக்குக்கூட அதை எடுக்கக் கூடாது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அந்தத் தாத்தா கல்கத்தாவில் ஒரு தொப்பிப் பட்டறைக்குத் தாள் சீவியவர். தாளை அச்சின்மேல் அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்துத் துணி போர்த்துவது வேறு ஆட்களின் வேலை. தாத்தாவுக்குத் தாளின் எண்ணிக்கைக்குக் கூலி. பிறகு ஒருநாள் தொப்பி வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். கத்தியோடு ஊர் திரும்பினார்.

வேண்டாமென்றதற்குக் காரணம் இருந்தது. வெப்பநாட்டு வெயிலில் ஏதோ ஒரு கதிர் வெள்ளையரின் மண்டையைத் துளைத்து மூளையைக் கெடுக்கும் என்று மருத்துவர்களே நம்பினார்கள். அமெரிக்க ராணுவ மருத்துவர் சார்லஸ் உட்ரஃப் 1905இல் இதற்கென ஒரு புத்தகமே எழுதினார். முதுகெலும்புக்குக்கூடத் துணித்திண்டு கட்டினார்கள். இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காடுகளில் சிப்பாய்கள் சாதாரணத் தொப்பியோடு போரிட்டார்கள். எந்தக் கதிரும் மூளையைத் துளைக்கவில்லை. பயம் போனது, தொப்பியும் போனது.

இன்று மாலாக்கார்களை அடிப்பது நெட்டிக்குப் பதிலாக வந்த தெர்மகோலும் தூர்க்கப்பட்ட நீர்நிலைகளும் மட்டுமல்ல. துர்க்கா பூஜைக்குப் பல மாதம் முன்பே மொத்த வியாபாரி முன்பணம் கொடுத்துவிடுகிறார். வாங்கிய கைக்கு விலை பேச வாய் ஏது? செடி விலை ஏறினாலும் கூலி ஏறாது. சரக்கில் குறை சொல்லிக் கழிப்பதும் அவரே, அதே சரக்கை நகரத்தில் பல மடங்குக்கு விற்பதும் அவரே. ஒரு கிராமத்துக் கைகளின் ஓராண்டு உழைப்புக்கு, கத்தியைத் தொட்டே அறியாத ஒருவர் விலை வைப்பது அநியாயம். கூட்டுறவாகக் கடன் கிடைத்தால் இந்தக் கட்டு அவிழும். ஏலத்தில் ஒரு தொப்பிக்குப் பெருந்தொகை கொடுக்கும் சேகரிப்பாளர்களும் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். நண்பரிடம் இதை நேராகவே சொன்னேன். அவர் தன் பதிவேட்டில் ஒவ்வொரு நெட்டித் தொப்பிக்கும் எதிரே 'மாலாக்கார் வேலையாக இருக்கலாம், விசாரிக்க' என்று எழுதத் தொடங்கியிருக்கிறார்.

நாங்கள் கொண்டுபோன தொப்பியைப் பெரியவர் கவிழ்த்து, விரிசலில் நகத்தால் மெல்லக் கீறி, அடுக்குகளைப் பிரித்துப் பார்த்தார். நல்ல முற்றிய செடி, ஆனால் ஒட்டியவன் அவசரக்காரன் என்றார். தாத்தா சீவியதாக இருக்குமா என்று நண்பர் கேட்டார். தாளைப் பார்த்து ஆளைச் சொல்ல முடியாது என்று பெரியவர் சிரித்தார். கூலியை நண்பர் முன்கூட்டியே நீட்டியபோது வாங்க மறுத்துவிட்டார். வீட்டில் இருப்பது போன வருஷத்து நெட்டி, நொறுங்கும். ஐப்பசியில் புதுச்செடி காய்ந்ததும் கொண்டுவாருங்கள், புளியங்கொட்டைப் பசை காய்ச்சி வைக்கிறேன், வேலை முடிந்தபின் பணம் பேசலாம் என்றார்.