கைப்பிடி அரிசி

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் தெருவுக்குள் ஒரு சாக்கு வரும். சாக்கோடு அத்தை வருவாள். சொந்த அத்தை இல்லை. அம்மா அவளை மைனி என்று கூப்பிடுவாள், அதனால் எனக்கு அத்தை. தெருமுனையிலேயே "அரிசி போடுங்கம்மா" என்று ஒரு சத்தம் கொடுப்பாள். அடுப்படியில் இருக்கிற சின்னப் பானையை எடுத்துக்கொண்டு பெண்கள் வாசலுக்கு வருவார்கள்.

கைப்பிடி அரிசி. உலை வைக்கும்போதெல்லாம் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியாகப் போட்டுவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். சாத்தான்குளம் பக்கத்தில் எங்களுக்கு சர்ச் என்பது கோயில்தான். ஆராதனை முடிந்ததும் அரிசியை ஏலம் போடுவார்கள். அந்தக் காசு ஊழியத்துக்கும் ஊரில் இல்லாதப்பட்ட வீடுகளுக்கும்.

எங்கள் பக்கத்துச் சபைகளுக்கு இது புதுப் பழக்கம் இல்லை. விசுவாசத்துக்காக விரட்டப்பட்டவர்கள் ஒதுங்கியிருக்க நிலம் வாங்கி 1799-இல் ஓர் ஊரையே உண்டாக்கினார்கள், அதுதான் முதலூர். 1830-இல் ரேனியஸ் தர்ம சங்கம் தொடங்கியதும் அப்படிப்பட்டவர்களுக்கு இடம் வாங்கிக் கொடுக்கத்தான். 1903-இல் அசரியாவும் மற்றவர்களும் இந்திய மிஷனரி சங்கத்தை ஆரம்பித்தபோது, காசும் நம்முடையது, ஆளும் நம்மாள், நிர்வாகமும் நாமே என்றார்கள். இதையெல்லாம் நான் பிற்பாடு வாசித்துத் தெரிந்துகொண்டேன். சின்ன வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அத்தையும் சாக்கும்தான்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருஷம், சபை அசனத்துக்கு வசூலான பணத்தில் பதினாலாயிரம் ரூபாய் குறைந்தது. கணக்கு வைத்திருந்தது அப்பா. இந்த இடத்தில், அப்பாமேல் வீண் பழி வந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் பணத்தை எடுத்தது அப்பாதான். என் காலேஜ் ஃபீஸ் அது. அசனத்துக்கு முன்னால் திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார். முடியவில்லை. கமிட்டியில் எழுந்து நின்று ஒத்துக்கொண்டார். மாட்டையும் அம்மாவின் சங்கிலியையும் விற்று இரண்டு மாதத்தில் கட்டினார்.

கட்டிவிட்டால் தீருமா? சபை இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. அப்பாவுக்காகப் பேசியவர்களும் அப்பாவுக்காகப் பேசவில்லை, எதிர்க் கட்சிக்கு எதிராகப் பேசினார்கள். நாங்கள் கோயிலுக்குப் போவதை நிறுத்தினோம். ஒரு ஞாயிறு பிரசங்கத்தில் எபிரெயர் 10:25-ஐ எடுத்தார்களாம். சபையாகக் கூடுவதைச் சிலர் விட்டுவிடுகிறார்களே, நீங்கள் அப்படி விட்டுவிடாதீர்கள் என்கிற வசனம். யாருக்குச் சொல்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீட்டுக்கு அந்தச் செய்தி வந்தது, ஆள் யாரும் வரவில்லை.

அத்தையைத் தவிர. அடுத்த சனிக்கிழமை எப்போதும்போல வாசலில் வந்து நின்றாள். அம்மா உள்ளேயிருந்தே சொன்னாள்: "எங்க வீட்டு அரிசி எதுக்கு மைனி? திருட்டு வீட்டு அரிசின்னு சொல்லுவாவ."

"எட்டி, எடுத்து வச்சியா இல்லையா, அதச் சொல்லு."

"வைக்கல."

"அப்ப இன்னைக்கு ராத்திரியிலருந்து வையி. அடுத்த சனிக்கிழம வாறேன்."

அவ்வளவுதான். உட்காரவில்லை. ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்கவில்லை. எங்களுக்கென்று எதையும் கொண்டுவரவும் இல்லை. போய்விட்டாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. வீட்டில் மாடு இல்லை, பால் காசு இல்லை, இதில் அரிசி வேறு கேட்கிறாளே என்று. ஆனால் அன்று ராத்திரி அம்மா கவிழ்த்து வைத்திருந்த அந்தச் சின்னப் பானையை எடுத்துக் கழுவுவதைப் பார்த்தேன்.

மூன்று வருஷம். ஒரு சனிக்கிழமைகூட அத்தை எங்கள் வீட்டைத் தாண்டிப் போனதில்லை. காலேஜிலிருந்து ஊருக்கு வரும்போது நானும் பார்ப்பேன். திண்ணையில் இருக்கிற அப்பா அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒருநாள் அம்மா ஆச்சி வீட்டுக்குப் போயிருந்தாள். அத்தை வந்து சத்தம் கொடுத்தாள். அப்பா கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு பானையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"நான் போடலாமாக்கா?"

"ஏன், ஒங்க கை கையில்லையா?" என்று சாக்கை விரித்துப் பிடித்தாள்.

அப்பா அழுது நான் பார்த்தது அன்றைக்கு ஒருமுறைதான். அந்த வருஷம் அசனத்துக்கு முந்தின ராத்திரி யாரிடமும் சொல்லாமல் போய் வெங்காயம் உரிக்கிற கூட்டத்தில் உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது. பந்தியில் சோறும் கறிக்குழம்பும் பரிமாறினார். யாரும் மன்னித்தோம் என்று சொல்லவில்லை. "அண்ணாச்சி, அந்த வரிசைக்குக் குழம்பு" என்றார்கள். கணக்கு நோட்டை மட்டும் அதற்குப் பிறகு அவர் தொட்டதேயில்லை.

பல வருஷம் கழித்து, செமினரியில் படித்த நண்பன் ஒருவனிடம் அந்த 25-ஆம் வசனத்தைப் பற்றி என் எரிச்சலைச் சொன்னேன். "நீ அதுக்கு முந்தின வசனத்த வாசிச்சியால?" என்று கேட்டான். கிரேக்கத்தில் இரண்டும் ஒரே வாக்கியமாம். 24 முதலில் சொல்வது, ஒருவரையொருவர் கவனிக்க வேண்டும் என்பது. எதற்கு? அன்பு செய்யவும் நல்ல காரியம் செய்யவும் ஏவிவிடுவதற்கு. கூடிவருவது அப்புறம்தான் வருகிறது. எங்கள் விஷயத்தில் முன்பாதியை விட்டுவிட்டுப் பின்பாதியைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஏவுவது என்றால் எங்கள் ஊரில் செய்வினைதான் ஞாபகத்துக்கு வரும். ஏவல் வைத்துவிட்டான் என்பார்கள். கிரேக்கச் சொல்லும் அவ்வளவு சாதுவானது இல்லை என்றான் நண்பன். பரொக்சுஸ்மோஸ். கிளறிவிடுவது, சீண்டுவது. புதிய ஏற்பாட்டில் இரண்டே இடத்தில்தான் வருகிறது. இன்னொரு இடம் அப்போஸ்தலர் 15:39, பவுலும் பர்னபாவும் சண்டை போட்டுப் பிரிகிற இடம். சண்டை மாற்குவைப் பற்றி. முந்தின பயணத்தில் பாதியில் விட்டுப் போனவனைத் திரும்பச் சேர்க்கக் கூடாது என்கிறார் பவுல். சேர்த்தே ஆக வேண்டும் என்கிறார் பர்னபா, அவனைக் கூட்டிக்கொண்டு கப்பலேறிவிடுகிறார். கடைசிக் காலத்தில் அதே பவுல், மாற்குவை அழைத்து வா, அவன் எனக்கு உபயோகமானவன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார்.

ஒரே சொல்தான். எங்கள் சபை அதைச் சண்டையாகச் செய்தது. அத்தை சாக்கோடு வந்து செய்தாள். பர்னபா, தீமோத்தேயு என்று அவளிடம் நான் விளக்கியிருந்தால் சிரித்திருப்பாள். "அரிசி வாங்க வந்தேன்ல, வேற என்ன?" என்றிருப்பாள்.

இப்போது நான் இருப்பது சென்னையில். எங்கள் சபையில் என் வயதுக்காரன் ஒருவன், குவயரில் பாடுகிறவன், வேலை போனதிலிருந்து வருவதில்லை. வாட்ஸ்அப் குழுவில் யாரோ அவனுக்காக ஜெபிக்கச் சொன்னார்கள். நாற்பது பேர் கை கூப்பிய படம் போட்டோம். நானும் போட்டேன். "பிரேயர் பண்றோம் ப்ரோ" என்று தனியாகவும் ஒன்று அனுப்பினேன். அவன் பதில் போடவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதுதான் உண்மை. பதில் வந்திருந்தால் அடுத்து என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது. அப்படியே நாலு மாதம் ஓடிவிட்டது.

போன மாதம் அறுப்பின் பண்டிகை. முந்தின நாள் சாயங்காலம் பைக்கை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். ஒரு கவரில் பணம் வைத்துக்கொண்டு போகலாமா என்று யோசித்தேன். பிறகு அதை வீட்டிலேயே வைத்துவிட்டேன். தேவைப்பட்டால் அது அப்புறம். கதவைத் திறந்தவன் என்னைப் பார்த்ததும், ஆறுதல் சொல்ல வந்திருக்கிறான் என்று முகத்தை அதற்குத் தயார்செய்துகொண்டான். அந்த முகம் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுத் திண்ணையில் மூன்று வருஷம் பார்த்த முகம்.

"நாளைக்கு டெனர் பாட ரெண்டே பேர்தான் இருக்கோம். காலையில ஏழு மணிக்கு ப்ராக்டிஸ்," என்றேன்.

"நான் வந்து ரொம்ப நாளாச்சுடா. எல்லாரும் கேப்பாங்க."

"பாட வருமா வராதா, அதச் சொல்லு."

பேசாமல் நின்றான். வருகிறேன் என்று சொல்லவில்லை. மறுநாளும் அவன் வரவில்லை.

இது சனிக்கிழமை சாயங்காலம். பைக் சாவியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.